பெந்தாமின் கணக்கும் விக்டோரிய நாவலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதுகலை ஆங்கில இலக்கியத் தாளிலும் நெட், செட் தேர்வுகளிலும் திரும்பத் திரும்ப வரும் பகுதி இது. உரைநூல்கள் பெரும்பாலும் ‘டிக்கன்ஸ் பயன்பாட்டுவாதத்தை எதிர்த்தார்’ என்ற ஒரே வரியோடு நின்றுவிடுகின்றன. எதை எதிர்த்தார், எந்த இடத்தில், அந்த எதிர்ப்பு எங்கே தடுமாறுகிறது என்பதையெல்லாம் நாவல்களுக்குள் போய்ப் பார்த்தால்தான் பிடிபடும்.

பயன்பாட்டுவாதம் என்றால் சுருக்கமாக என்ன?

ஒரு செயலோ சட்டமோ சரியா தவறா என்பதை அதனால் விளையும் இன்ப துன்பங்களை வைத்தே தீர்மானிக்க வேண்டும் என்ற கொள்கை. இதை வகுத்த ஆங்கிலேயத் தத்துவவாதி ஜெரமி பெந்தாம் 1789-இல் வெளியிட்ட நூலில் இன்பத்தை அளக்க ஏழு அளவைகளைத் தருகிறார்: அதன் தீவிரம், நீடிக்கும் காலம், உறுதி, எவ்வளவு சீக்கிரம் கிடைக்கும், மேலும் இன்பங்களைப் பிறப்பிக்குமா, துன்பம் கலக்காமல் இருக்குமா, எத்தனை பேரைச் சென்றடையும். இதில் ஒவ்வொருவரும் ஒருவராகவே கணக்கில் வருவார்கள். பிரபுவுக்குக் கூடுதல் எடை இல்லை. அந்தக் காலத்து இங்கிலாந்தில் இது சாதாரண விஷயமல்ல.

பெந்தாம் இறந்தது 1832 ஜூன் 6. விக்டோரியா அரியணை ஏறியது 1837 ஜூன் 20. ஆகவே விக்டோரிய நாவலாசிரியர்கள் மோதியது பெந்தாம் என்ற மனிதரோடு அல்ல. அவருடைய சீடர்கள் எழுதிய சட்டங்கள், அமைத்த ஆணையங்கள், அச்சிட்ட புள்ளிவிவர அறிக்கைகள் ஆகியவற்றோடுதான். இதை மறந்துவிட்டால் அடுத்து வரும் பாதிக் கேள்விகள் குழம்பிப்போகும்.

எல்லோரும் ‘ஹார்ட் டைம்ஸ்’ நாவலையே சொல்கிறார்களே, ஏன்?

இந்த மோதலை நேரடிப் பொருளாகவே எடுத்துக்கொண்ட நாவல் அது. டிக்கன்ஸ் தாம் நடத்திய ‘ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்’ வார இதழில் 1854 ஏப்ரல் 1 முதல் ஆகஸ்ட் 12 வரை 20 இதழ்களில் தொடராக எழுதினார். பிறகு வந்த புத்தகம் தாமஸ் கார்லைலுக்குச் சமர்ப்பிக்கப்பட்டது. காலத்தை இயந்திரயுகம் என்று 1829-லேயே சாடியவர் அவர்.

டிக்கன்ஸ் நாவல்களிலேயே சிறியது என்பதும் பாடத்திட்டக் குழுக்களுக்குப் பிடித்துப்போனதற்கு ஒரு காரணம். அதை யாரும் வெளியில் சொல்வதில்லை.

அந்தக் ‘குதிரை’ காட்சியில் அப்படி என்ன இருக்கிறது?

இரண்டாம் அத்தியாயம். கோக்டவுன் என்ற ஆலை நகரம், தாமஸ் கிராட்கிரைண்ட் நடத்தும் பள்ளி. சிஸ்ஸி ஜூப்பை அவர் ‘இருபதாம் எண் பெண்’ என்றுதான் கூப்பிடுகிறார். அவளுடைய அப்பா சர்க்கஸில் குதிரைகளோடு பிழைப்பவர். ‘குதிரைக்கு இலக்கணம் சொல்’ என்றதும் அவளுக்கு வாய் வரவில்லை. பிட்சர் என்ற பையன் எழுந்து கடகடவென ஒப்பிக்கிறான்: நாலுகால் பிராணி; புல் தின்னும்; பற்கள் நாற்பது, அவற்றில் அரைக்கும் பற்கள் இருபத்துநான்கு, கோரைப்பற்கள் நான்கு, வெட்டும் பற்கள் பன்னிரண்டு.

கூட்டிப் பாருங்கள், கணக்கு சரியாக வரும். பிட்சர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பலர் இதை ‘தவறான அறிவு, சரியான உணர்வு’ என்று எழுதிவிடுகிறார்கள். டிக்கன்ஸ் காட்டுவது அதைவிடக் கூர்மையானது. விவரம் முழுக்கச் சரியாக இருந்தும் குதிரை அதில் இல்லை.

நாவலின் கடைசிப் பகுதியில் இதே பிட்சர், வங்கியில் திருடிவிட்டு ஓடும் கிராட்கிரைண்டின் மகன் டாமைப் பிடிக்க வருகிறான். அவனை வழியில் மடக்கிவைப்பது சர்க்கஸ்காரர் ஸ்லியரியின் நடனக் குதிரையும் நாயும். பற்களை எண்ணியவனை உயிருள்ள குதிரை நகரவிடாமல் செய்கிறது. இந்த இரண்டு காட்சிகளையும் சேர்த்து எழுதும் விடைத்தாள் அபூர்வம்.

சிஸ்ஸியின் ‘தப்பான’ விடைகள் எவை? அவற்றுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

முதல் பகுதி, ஒன்பதாம் அத்தியாயம். தான் வகுப்பில் செய்த தவறுகளைச் சிஸ்ஸி கிராட்கிரைண்டின் மகள் லூயிசாவிடம் சொல்லி அழுகிறாள். மூன்றை மட்டும் பார்ப்போம்.

ஒரு நாட்டில் ஐந்து கோடிப் பணம் இருக்கிறது. அது செழிப்பான நாடுதானே என்று ஆசிரியர் கேட்கிறார். பணம் யாரிடம் இருக்கிறது, அதில் எனக்கு ஏதாவது பங்கு உண்டா என்று தெரியாமல் எப்படிச் சொல்வது என்கிறாள்.

பத்து லட்சம் பேர் வாழும் நகரத்தில் ஒரு வருடத்தில் 25 பேர்தான் தெருவில் பட்டினியால் செத்தார்கள், என்ன நினைக்கிறாய்? மற்றவர்கள் பத்து லட்சமாக இருந்தாலும் கோடி கோடியாக இருந்தாலும் செத்தவர்களுக்கு அது அதே கொடுமைதானே என்கிறாள்.

ஒரு லட்சம் பேர் கடல் பயணம் போனார்கள், 500 பேர் மூழ்கியோ எரிந்தோ இறந்தார்கள், சதவீதம் என்ன? சரியான விடை அரை சதவீதம். இறந்தவர்களின் சொந்தக்காரர்களுக்கு அது ஒன்றுமே இல்லை என்கிறாள் அவள்.

மூன்றிலும் வகுத்தல் கணக்கைச் சிஸ்ஸி மறுக்கவில்லை. எதை எதனால் வகுக்கிறோம் என்பதைத்தான் கேட்கிறாள். முதல் விடை பங்கீடு பற்றியது. மொத்த இன்பத்தைக் கூட்டும் எந்தக் கொள்கையும், அது எப்படிப் பங்கிடப்பட்டிருக்கிறது என்ற கேள்வியில் திணறும். பயன்பாட்டுவாதத்தின் மீது தத்துவவாதிகள் இன்றுவரை வைக்கும் முதன்மையான ஆட்சேபங்களில் அது ஒன்று. அதை ஒரு பள்ளிச் சிறுமியின் கண்ணீரில் வைத்துச் சொன்னதுதான் நாவலின் சாமர்த்தியம்.

லூயிசாவின் திருமணப் பேச்சை எப்படிப் படிப்பது?

முதல் பகுதியின் பதினைந்தாம் அத்தியாயம். நாவலின் உச்சம் எங்கே என்று கேட்டால் நாங்கள் இதைத்தான் காட்டுவோம். லூயிசாவுக்கு வயது இருபது. ஆலை முதலாளியும் வங்கிக்காரருமான பவுண்டர்பிக்கு ஐம்பது. அவர் பெண் கேட்டிருக்கிறார் என்று அப்பா மகளிடம் சொல்ல வேண்டும்.

கிராட்கிரைண்ட் வயது வித்தியாசத்தை எடுத்துக்கொண்டு புள்ளிவிவரத்தை விரிக்கிறார். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடக்கும் திருமணங்களில் பெருமளவு சமமற்ற வயதினருக்கிடையேதான். அப்படிப்பட்டவற்றில் முக்கால்வாசிக்கும் மேலானவற்றில் மூத்தவர் மாப்பிள்ளையே. இந்தியாவிலும் சீனாவின் பல பகுதிகளிலும் தார்த்தாரியின் கால்மிக்குகளிடமும் இதே நிலைதான். ஆகவே வித்தியாசம் கிட்டத்தட்ட வித்தியாசமே இல்லை என்றாகிவிடுகிறது!

லூயிசா ஜன்னல் வழியே ஆலைப் புகைபோக்கிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அங்கே சோம்பலான புகை மட்டும்தான் தெரிகிறது, ஆனால் இரவு வந்தால் நெருப்பு வெடித்துக் கிளம்புகிறதே என்கிறாள். அப்பாவுக்கு அது விளங்கவில்லை. பிறகு, வாழ்க்கை மிகவும் குறுகியது என்று தனக்குத் தோன்றுவதாகச் சொல்கிறாள். அவர் உடனே ஆயுள் காப்பீட்டு அலுவலகங்களின் கணக்கைக் காட்டி, மனிதரின் சராசரி ஆயுள் கூடியிருப்பது நிரூபணமாகிவிட்டது என்கிறார். ‘நான் என் வாழ்க்கையைச் சொன்னேன் அப்பா’ என்கிறாள் அவள்.

அவர் மகளை வெறுப்பவர் அல்ல என்பதுதான் இந்தக் காட்சியின் பலம். அவளை இரக்கமில்லாமல் தள்ளிவிடவும் இல்லை. அவரிடம் இருக்கும் கருவிகளால் அவளைப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

சுயநலம் பற்றிய வாதம் எங்கே வருகிறது?

இரண்டு இடங்கள். திருட்டு வெளிப்பட்டதும் டாம் அப்பாவிடம் சொல்வது முதலாவது: நம்பிக்கையான வேலைகளில் இத்தனை பேர் இருந்தால் அவர்களில் இத்தனை பேர் நேர்மையற்றவர்களாக இருப்பார்கள், அது விதி என்று நீங்களே நூறு தடவை சொல்லியிருக்கிறீர்கள்; விதியை நான் எப்படி மாற்ற முடியும்? குற்ற எண்ணிக்கை ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரே அளவில் இருப்பதைக் காட்டிய அந்தக் காலப் புள்ளியியலாளர்களின் பேச்சை அப்படியே திருப்பி அடிக்கும் இடம் இது.

அடுத்தது பிட்சர். உனக்கு இதயம் இருக்கிறதா என்று கிராட்கிரைண்ட் கெஞ்சுகிறார். ரத்த ஓட்டத்தைப் பற்றி ஹார்வி நிறுவியதை அறிந்த எவரும் அதைச் சந்தேகிக்க முடியாது என்கிறான் பிட்சர். உங்கள் பள்ளியில் படித்தேனே என்ற நன்றி? கட்டணம் கட்டியாயிற்று, பேரம் முடிந்தது.

அப்படியானால் கிராட்கிரைண்ட்தான் பெந்தாமா?

இல்லை. தேர்வு விடைகளில் அதிகம் காணும் பிழை இது. கிராட்கிரைண்ட் சர்க்கஸை வெறுக்கிறார், குழந்தைகள் அதை எட்டிப்பார்ப்பதைத் தண்டிக்கிறார். பெந்தாமின் கணக்குப்படி சர்க்கஸ் நிறைய பேருக்கு மகிழ்ச்சி தருமானால் அது நல்லதுதான். முன்முடிவுகளை ஒதுக்கிவைத்தால், புஷ்பின் என்ற சில்லறை விளையாட்டும் இசை, கவிதைக் கலைகளும் சம மதிப்புடையவை என்று எழுதியவர் அவர். கவிதைப் பிரியர்களுக்கு அது கோபமூட்டலாம். சர்க்கஸ்காரர் ஸ்லியரிக்கு மூட்டாது.

கிராட்கிரைண்ட் பல சரக்குகளின் கலவை: பெந்தாமியம் கொஞ்சம், பொருளியல் கொஞ்சம் (பிள்ளைகள் இருவருக்கு ஆடம் ஸ்மித், மால்தஸ் என்றே பெயர்), நாடாளுமன்ற நீலப் புத்தக (அரசு அறிக்கைத் தொகுப்பு) மோகம் நிறைய. குதிரைப் படம் போட்ட சுவர்த்தாளும் பூப்போட்ட விரிப்பும் கூடாது என்று வகுப்பில் பேசும் அரசு அதிகாரி, 1852-இல் தொடங்கிய செய்முறைக் கலைத் துறையையும் அதன் பொறுப்பாளர் ஹென்றி கோலையும் கேலி செய்யும் பாத்திரம். அதற்கும் பெந்தாமுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது.

லூயிசா ஜான் ஸ்டூவர்ட் மில்லை மனத்தில் வைத்து எழுதப்பட்டவரா?

ஒப்புமை வியக்கத்தக்கது. பயன்பாட்டுவாதத் தத்துவவாதியான மில் மூன்று வயதில் கிரேக்கமும் எட்டில் லத்தீனும் தொடங்கியவர். பெந்தாமின் நண்பரான தந்தை ஜேம்ஸ் மில்லின் பயிற்சி. 1826-இல், இருபதாவது வயதில், தன் லட்சியங்கள் எல்லாம் நிறைவேறிவிட்டால் மகிழ்ச்சி வருமா என்று தன்னையே கேட்டார். வராது என்ற பதில் வந்ததும் இடிந்துபோனார். பிறகு வேர்ட்ஸ்வொர்த் கவிதைகள் அவருக்கு மருந்தாயின. ஆனால் இவையெல்லாம் உள்ள ‘சுயசரிதை’ வெளியானது 1873-இல், டிக்கன்ஸ் இறந்து மூன்று ஆண்டு கழித்து. ஆகவே தாக்கம் என்று எழுதாதீர்கள். இரண்டு பேர் தனித்தனியாக ஒரே நோயைக் கண்டார்கள் என்று எழுதலாம்.

மில்லுக்கு டிக்கன்ஸைப் பிடிக்காது என்பதும் தெரிந்துகொள்ள வேண்டியது. ‘பிளீக் ஹவுஸ்’ நாவலில் பெண் உரிமை பேசுவோரை ஏளனம் செய்திருப்பதைக் கண்டு மனைவி ஹாரியட்டுக்கு எழுதிய கடிதத்தில் கொதித்திருக்கிறார். அந்த இடத்தில் நியாயம் மில் பக்கம்.

டிக்கன்ஸ் சீர்திருத்தத்துக்கே எதிரியா?

மாறாக, பல விஷயங்களில் அவர் பெந்தாமியர்களோடு ஒரே அணியில் இருந்தார். பெந்தாமின் செயலராக இருந்த எட்வின் சாட்விக் 1842-இல் வெளியிட்ட சுகாதார அறிக்கையின் வழியில் வந்த நகரச் சுகாதாரப் போராட்டத்தை டிக்கன்ஸ் ஆதரித்தார். சான்சரி நீதிமன்றத்தின் தாமதத்தை அவர் சாடியதைப் பெந்தாம் படித்திருந்தால் கைதட்டியிருப்பார். ‘ஹார்ட் டைம்ஸ்’ தொடர் வந்துகொண்டிருந்த அதே இதழில், 1854 ஏப்ரல் 22 அன்று, ஆலை இயந்திரங்களில் சிக்கிக் கைகால் இழப்பவர்களைப் பற்றி ஹென்றி மார்லி எழுதினார். அங்கே விபத்து எண்ணிக்கைகள்தான் ஆயுதம்.

பதிப்பாளர் சார்ல்ஸ் நைட்டுக்கு எழுதிய கடிதத்தில் டிக்கன்ஸே இதைத் தெளிவாக்குகிறார். எண்களையும் சராசரிகளையும் தவிர வேறெதையும் பார்க்காதவர்கள்தான் தன் கேலிக்கு இலக்கு என்கிறார். கிரிமியாவின் ஆண்டுச் சராசரிக் குளிரைக் காட்டி, உறைந்து சாகும் இரவில் சிப்பாய்க்கு மெல்லிய பருத்தித் துணி போதும் என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள்.

‘ஆலிவர் ட்விஸ்ட்’ இதில் எங்கே பொருந்தும்?

1834 வறியோர் சட்டத் திருத்தத்துக்கு எதிரான குரலாக. நாசாவ் சீனியரும் சாட்விக்கும் எழுதிய அறிக்கையின் அடிப்படை விதி இது: உதவி பெறுபவரின் நிலை, மிகத் தாழ்ந்த கூலித் தொழிலாளியின் நிலையைவிடச் சற்று மோசமாகவே இருக்க வேண்டும், அப்போதுதான் யாரும் விரும்பி வரமாட்டார்கள். துன்பத்தை விலைப்பட்டியல்போல் பயன்படுத்தும் யோசனை.

1837-இல் தொடங்கிய நாவலில் அந்த விதி வறியோர் விடுதியின் உணவுப் பட்டியலாகிறது: நாளுக்கு மூன்று வேளை நீர்த்த கஞ்சி, வாரம் இருமுறை ஒரு வெங்காயம், ஞாயிறன்று அரை ரொட்டி. விடுதியை நடத்தும் வாரியத்து உறுப்பினர்களை டிக்கன்ஸ் ‘ஆழ்ந்த தத்துவவாதிகள்’ என்றே அழைக்கிறார். நிஜ விடுதிகளின் உணவு இதைவிடச் சற்று மேல்; மிகைப்படுத்தல் என்று அப்போதே விமர்சனம் வந்தது. கணவனையும் மனைவியையும் தனித்தனியே பிரித்துவைத்தது மட்டும் மிகையல்ல.

பலர் தாண்டிப் போகும் இடம் 43-ஆம் அத்தியாயம். திருடர் தலைவன் ஃபேகின் புதிய கூட்டாளிக்கு ‘முதலாம் எண்’ தத்துவம் சொல்கிறான்: ஒவ்வொருவனுக்கும் தானே முதலாம் எண், ஆனால் நீ உன்னைக் காக்க வேண்டுமானால் என்னையும் காத்தாக வேண்டும். தனிநலமும் பொதுநலமும் தானாகவே ஒத்துப்போகும் என்ற அரசியல் பொருளாதார நம்பிக்கை, ஒரு திருடன் வாயில் அட்சரசுத்தமாக வருகிறது.

பயன்பாட்டுவாதிகள் பக்கம் நின்ற புனைகதையே இல்லையா?

உண்டு. ஹாரியட் மார்ட்டினோ 1832 முதல் 1834 வரை மாதாமாதம் எழுதிய ‘அரசியல் பொருளாதார விளக்கக் கதைகள்’ 25 பகுதிகள், நல்ல விற்பனை. ஒவ்வொரு கதையின் முடிவிலும் பாடச் சுருக்கம் இருக்கும். இன்று படிக்கச் சலிப்பூட்டும். ஆனால் டிக்கன்ஸ் எதற்கு எதிராக எழுதினார் என்பதைக் காண ஒரு கதையாவது படிக்க வேண்டும். ஆலை விபத்து விவகாரத்தில் 1855-இல் அவர் டிக்கன்ஸின் இதழைத் தாக்கித் தனிச் சிறுநூலே வெளியிட்டார்.

ஜார்ஜ் எலியட்டை எந்தப் பக்கத்தில் வைப்பது?

பகுத்தறிவுவாதத்துக்கு உள்ளேயே. ஸ்ட்ராஸின் இயேசு வாழ்க்கை ஆய்வை 1846-லும், கடவுள் மனித இயல்பின் பிரதிபலிப்பே என்ற ஃபாயர்பாகின் நூலை 1854-லும் ஆங்கிலமாக்கியவர் அவர். பெந்தாமின் பணத்தில் 1824-இல் தொடங்கிய ‘வெஸ்ட்மின்ஸ்டர் ரிவ்யூ’ இதழை 1850-களின் தொடக்கத்தில் பெயரில்லா ஆசிரியராக நடத்தியவரும் அவரே. எனவே அவரது கேள்வி வேறு: மத நம்பிக்கை போன பின்பு, பொதுநலம் என்ற சூத்திரம் மட்டும் மனிதரை ஒழுங்காக வைத்திருக்குமா?

‘மிடில்மார்ச்’ (1871–72) நாவலின் வங்கியாளர் புல்ஸ்ட்ரோடைப் பாருங்கள். அவர் தீவிர எவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர், பயன்பாட்டுவாதி அல்ல. ஆனால் தன் கையில் பணம் இருந்தால் நல்ல காரியம் நடக்கும், ஆகவே அது வந்த வழியைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை என்று பலன் கணக்கு போடுகிறார். பழைய ரகசியம் தெரிந்த ராஃபிள்ஸ் அவர் வீட்டில் நோயாகக் கிடக்கிறான். மருத்துவர் லிட்கேட் மது கூடாது என்கிறார், அபினை எப்போது நிறுத்த வேண்டும் என்றும் சொல்கிறார். இரவு காவலிருக்கும் வேலைக்காரியிடம் நிறுத்த வேண்டிய கட்டத்தைச் சொல்ல புல்ஸ்ட்ரோட் ‘மறந்துவிடுகிறார்’. பிறகு அவள் பிராந்தி கேட்டதும் சாவியை நீட்டுகிறார். மறுநாள் காலையில் நினைத்தது நடக்கிறது.

61-ஆம் அத்தியாயத்தில் எலியட் சொல்வதன் சாரம் இது: சக மனிதரிடம் நேரடியாகத் தோழமை கொள்ளும் ஆழ்ந்த பழக்கம் கட்டுப்படுத்தாவிட்டால், எந்தப் பொதுக்கோட்பாடும் நம் ஒழுக்கத்தை அரித்துத் தின்றுவிடும். ‘எந்த’ என்பதில் பகுத்தறிவுவாதமும் அடங்கும், மதமும் அடங்கும்.

ட்ரோலப்பைச் சேர்க்கலாமா?

‘தி வார்டன்’ (1855) அவசியம். ஒரு பழைய அறக்கட்டளையில் 12 முதியவர்கள். அதன் காப்பாளர் ஹார்டிங்குக்கு ஆண்டு 800 பவுண்டு. இது அநீதி என்று சீர்திருத்தக்காரர் வழக்குப் போடுகிறார். கணக்குப்படி அவர் சொல்வது நியாயமே. ஹார்டிங் மனசாட்சி உறுத்தி விலகுகிறார். முதியவர்களுக்குக் கூடுதலாக ஒரு பென்னி வரவில்லை. அவர் தன் கைப்பணத்திலிருந்து தினம் சேர்த்துக் கொடுத்துவந்த இரண்டு பென்சும் போயிற்று. டிக்கன்ஸையும் இந்த நாவல் விடவில்லை. ‘பாப்புலர் சென்டிமென்ட்’ என்ற பெயரில் அவர் வாங்கிக் கட்டிக்கொள்கிறார்.

சென்னைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு, பள்ளி வழியாக. எழும்பூர் ராணுவ ஆண் அனாதை இல்லத்தின் பொறுப்பை 1789-இல் ஏற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, பெரிய மாணவர் சிறியவருக்குக் கற்பிக்கும் முறையை அமைத்தார். நம் திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். 1797-இல் அதை லண்டனில் அச்சிட்டார். ‘மதராஸ் முறை’ என்றே பெயர் நிலைத்தது. ஒரே ஆசிரியர் நூற்றுக்கணக்கானவரை மலிவாகப் பயிற்றலாம் என்பது பெந்தாமைக் கவர்ந்தது. தாம் திட்டமிட்ட ‘கிரெஸ்டோமேதியா’ பள்ளிக்கு இதைத் தழுவினார். அந்தப் பள்ளி கட்டப்படவே இல்லை.

‘ஹார்ட் டைம்ஸ்’ நாவலில் வரும் பள்ளி ஆசிரியர் மக்சோக்கம்சைல்ட் இதற்கு அடுத்த தலைமுறை: 1846-இல் வந்த மாணவ-ஆசிரியர் திட்டத்தின் வார்ப்பு. பியானோக் கால்களைப்போல் ஒரே பட்டறையில் கடைந்தெடுத்த 140 ஆசிரியர்களில் ஒருவர் என்கிறது நாவல்.

இந்த நாவல்களின் பலவீனம் எது?

மாற்று வழி காட்டாதது. ஆலைத் தொழிலாளி ஸ்டீபன் பிளாக்பூல் எல்லாம் ஒரே குழப்பம் என்று சொல்லிவிட்டுச் சாகிறான். பிரெஸ்டன் வேலைநிறுத்தத்தை 1854 ஜனவரியில் நேரில் கண்டு, தொழிலாளர்களின் ஒழுங்கைப் பாராட்டிக் கட்டுரை எழுதிய டிக்கன்ஸ், நாவலில் சங்கத் தலைவரை வெற்று வாய்ச்சவடாலாக்கிவிட்டார். அதே இதழில் அடுத்து வந்த எலிசபெத் காஸ்கெலின் ‘நார்த் அண்ட் சவுத்’ (1854–55) இந்த விஷயத்தில் நியாயமானது. அங்கே தொழிலாளி ஹிகின்ஸ் முதலாளியோடு வாதத்துக்கு வாதம் நிற்கிறார்.

எந்த வரிசையில் படிப்பது, மேற்கோள் எப்படித் தருவது?

முதலில் பெந்தாமின் 1789 நூலில் நான்காம் அத்தியாயம் மட்டும், சில பக்கங்கள்தான். பிறகு ‘ஹார்ட் டைம்ஸ்’ முழுவதும். அடுத்து மில்லின் சுயசரிதையில் ஐந்தாம் அத்தியாயம். ‘ஆலிவர் ட்விஸ்ட்’ நாவலில் நேரமில்லாதவர்கள் 2, 43 அத்தியாயங்களைப் படிக்கலாம். ‘மிடில்மார்ச்’ நாவலை அப்படி வெட்டிப் படிக்க முடியாது. 61, 70 அத்தியாயங்கள் முன்கதை தெரியாமல் நிற்காது.

பதிப்புக்குப் பதிப்பு பக்க எண் மாறும். எனவே பகுதி, அத்தியாயம் என்று குறியுங்கள். ‘ஹார்ட் டைம்ஸ்’ மூன்று பகுதிகளாக 16, 12, 9 அத்தியாயங்கள் கொண்டது. சில இணையப் பிரதிகள் 1 முதல் 37 வரை தொடர் எண் போட்டிருக்கும். அப்படியானால் 17 என்பது இரண்டாம் பகுதியின் முதல் அத்தியாயம் என்று மாற்றி எழுதிக்கொள்ளுங்கள்.